கோடையில் ஆர்க்கிட் செடிகளைக் காப்பது எப்படி?

அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் ஆர்க்கிட் வளர்ப்போருக்குக் கவலை பிறந்துவிடுகிறது. செடி ஒவ்வொன்றும் விலை கொடுத்து வாங்கியது. சிறு நாற்று பூக்கும் பருவத்தை எட்டவே சில ஆண்டுகள் பிடிக்கும். அப்படி வளர்த்த செடி வெயிலில் சோர்ந்து நிற்கும்போது கை தானாகவே தண்ணீர்க் குழாயை நாடுகிறது. சேதம் பல தோட்டங்களில் அங்கேதான் ஆரம்பமாகிறது.

வாழையும் கத்தரியும் பகலில் இலைத்துளைகளைத் திறந்து, நீரை ஆவியாக்கித் தம்மைக் குளிர்வித்துக் கொள்கின்றன. டெண்ட்ரோபியம், வாண்டா, பெலனாப்சிஸ் போன்ற, மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட்டுகளோ நீரைச் சேமிக்க வேண்டி இலைத்துளைகளைப் பெரும்பாலும் இரவில்தான் திறக்கின்றன. எனவே தொட்டியில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் நண்பகலில் இலைக்குச் சூடு தணியாது. நிழலும் காற்றோட்டமும்தான் அதைத் தணிக்க வேண்டும்.

பிற்பகல் இரண்டு மணிக்கு இலையைத் தொட்டுப் பாருங்கள். கைக்குச் சுட்டால் நிழல் போதவில்லை என்று பொருள். வெயிலில் வெந்த இடம் முதலில் வெளுத்து, பிறகு காகிதம் போல் காய்ந்து கருகும். அது மீண்டும் பச்சையாகாது. டெண்ட்ரோபியத்துக்கு 50 சதவீத நிழல்வலையும், பெலனாப்சிஸுக்கு 75 சதவீத வலையும் ஏற்றவை. வலையைத் தலைக்கு மேல் தாழக் கட்டினால் அதன் சூடே செடியை வாட்டும். 10 அடி உயரமாவது வேண்டும். மேற்கு வெயிலுக்கு மட்டும் ஒரு தடுப்பு வைத்து, மற்றப் பக்கங்களைத் திறந்து விடுங்கள்.

தண்ணீரைக் காலையில் வார்ப்பதே நல்லது. வெள்ளியாய் வெளுத்திருக்கும் வேர், நீரை உறிஞ்சியதும் பச்சை நிறம் காட்டும். அதுவே போதிய அளவு. வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வருவது வெந்நீர் என்பதை மறந்து, நானே ஒரு வரிசைச் செடிகளின் வேர்களைக் கெடுத்திருக்கிறேன். அந்த நீரைத் தரையில் விட்டுவிடுங்கள்.

மதுரை, திருச்சி போன்ற வறண்ட வெப்பமுள்ள ஊர்களில் தரையிலும் செங்கல் தூளிலும் பகலில் இரண்டு மூன்று முறை நீர் தெளித்தால் கொட்டகை நன்றாகக் குளிரும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோரங்களில் காற்றிலேயே ஈரம் மிகுதி, ஆவியாவது குறைவு. அங்கே மேலும் மேலும் தெளித்தால் அழுகல்தான் வரும். விசிறி ஒன்று ஓடினால் அதிகப் பயன் கிடைக்கும். பெலனாப்சிஸின் நடுக்குருத்தில் தேங்கிய நீரை மாலைக்குள் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். குருத்து அழுகினால் அச்செடி தேறுவது அரிது.

ஆழ்குழாய் நீரில் உப்பு இருந்தால் தொட்டி விளிம்பிலும் கரித்துண்டுகளிலும் வெண்மை படியும். பிடித்து வைத்த மழைநீரால் வாரம் ஒருமுறை கழுவிவிடலாம். உர அளவைப் பாதியாக்குங்கள். இலையின் அடியில் செஞ்சிலந்தி தெரிந்தால் நீரைப் பீய்ச்சிக் கழுவினாலே பெருமளவு குறையும். இந்த வெயிலில் கந்தகம் தெளித்தால் இலை கருகிவிடும்.

மலையிலிருந்து சிம்பிடியம் வாங்கி வந்து சமவெளியில் பூக்கவைக்கப் பலர் முயல்கிறார்கள். குளிர்ந்த இரவுகள் இல்லாமல் அது பூக்காது. அந்தப் பணத்தில் இரண்டு டெண்ட்ரோபியம் வாங்கலாம்.