மேட்டில் நின்ற காரை எடுக்கும் ஹாஃப் கிளட்ச்

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். கல்லட்டி வழியாக உதகைக்குப் போனால் 36. இப்படிப்பட்ட சாலையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்து, ஒதுங்க இடம் போதாவிட்டால் யார் நிற்க வேண்டும்? இறங்கி வருபவர்தான். ஏறும் வண்டிக்கே வழிவிட வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குமுறைகள் சொல்லின. 2017இல் வந்த புதிய ஒழுங்குமுறைகளும் அந்த முன்னுரிமையை மாற்றவில்லை. காரணம் எளிமையானது. இறங்கும் வண்டி பிரேக்கை விட்டாலே நகர்ந்துவிடும். ஏறும் வண்டி ஒருமுறை நின்றுவிட்டால், மறுபடி எடுப்பதற்குள் பின்னால் உருளக்கூடும்.

கார் பழகுபவர்களில் பலரை அச்சுறுத்துவது இந்த ஓரிரு நொடிகள்தான். அதற்கு மலைக்குப் போக வேண்டும் என்பதில்லை. சென்னையில் ஏதாவது ஒரு சுரங்கப்பாதையிலிருந்து மேலேறும்போது நெரிசலில் நின்றாலே போதும். பின்னால் ஒரு ஆட்டோ ஒட்டி நிற்கும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி இறங்குகிறது. பதறிப்போய் கிளட்ச்சை விட்டால் ஆஃப் ஆகிறது. ஹாரன் சத்தத்தில் கை வியர்த்துவிடும். அந்த நேரத்தில் வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பயத்தில் பாதி கழன்றுவிடும் என்பது என் நம்பிக்கை.

முதலில், கார் எவ்வளவு பலமாகப் பின்னால் இழுக்கப்படுகிறது? ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள சிறிய கார் என்று வைத்துக்கொள்வோம். பத்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும் சரிவில், அதைக் கீழே இழுக்கும் விசை எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 120 கிலோ எடைக்குச் சமம். மேம்பாலங்களின் ஏற்றம் பொதுவாக முப்பதுக்கு ஒன்று என்ற அளவில் அமைவதால், அங்கே இழுவை 40 கிலோதான். இந்தியாவில் மலைச் சாலைகளுக்குப் பரிந்துரைக்கப்படும் ஏற்றம் 5 முதல் 8 சதவீதம் வரை. பழைய சாலைகளில் இதைவிடச் செங்குத்தான இடங்களும் உண்டு. ஆனால் வணிக வளாகங்களின் அடித்தள பார்க்கிங்கிலிருந்து மேலே வரும் சரிவு, எட்டுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று என்றுகூட இருக்கும். புதிதாகப் பழகுபவர் மேம்பாலத்தைவிட அதிகம் கவனமாக இருக்க வேண்டிய இடம் அதுதான்.

பிரேக்கை விட்டதும் கார் உருளும் தூரம் நேரத்தின் இருமடிப் பெருக்கமாகக் கூடுகிறது. பத்துக்கு ஒன்று சரிவில் அரை நொடியில் அது நகர்வது ஏறத்தாழ 12 சென்டிமீட்டர்தான். ஒரு நொடியில் அரை மீட்டர். இரண்டு நொடி ஆனால் இரண்டு மீட்டரை நெருங்கும். வலது கால் பிரேக்கிலிருந்து ஆக்ஸிலேட்டருக்கு மாற ஒரு நொடிகூட வேண்டாம். ஆபத்து அடுத்த நொடியில், என்ன செய்வதென்று தெரியாமல் திகைக்கும் நொடியில்தான் இருக்கிறது.

இன்ஜினுக்கு வலு போதவில்லையா? தாராளமாக இருக்கிறது. ஃபர்ஸ்ட் கியரில் இன்ஜினின் முறுக்கு விசை சக்கரத்துக்குப் போய்ச் சேரும்போது சுமார் 14 மடங்கு பெருகிவிடும். நம் காரை அந்தச் சரிவில் அசையாமல் தாங்க இன்ஜினிடமிருந்து தேவைப்படுவது ஏறக்குறைய 24 நியூட்டன் மீட்டர். 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் அதிகபட்சம் 110 நியூட்டன் மீட்டர் அளவுக்குத் தரக்கூடியது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: இந்த இன்ஜினால் நின்றுகொண்டு இழுக்க முடியாது. மின்சார கார் மோட்டார் சுழலாமல் நிற்கும்போதே முழு முறுக்கு விசையையும் தரும். பெட்ரோல், டீசல் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால்தான் உயிரோடு இருக்கும். ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும் நான்கு சிலிண்டர் இன்ஜினில், நொடிக்கு 27 முறை எரிபொருள் வெடிக்கிறது. ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே அதைச் சுழல வைப்பது ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் ஆற்றல். நிற்கும் சக்கரத்தோடு திடீரென்று அதைப் பூட்டினால் அந்த ஆற்றல் கண நேரத்தில் தீர்ந்துவிடும். அடுத்த சிலிண்டரில் காற்றை அழுத்திச் சுருக்கக்கூட வலு இருக்காது. வண்டி குலுங்கி ஆஃப் ஆவது இப்படித்தான்.

ஓடும் இன்ஜினையும் நிற்கும் சக்கரத்தையும் இணைக்க நடுவில் வழுக்கிக்கொண்டே இழுக்கும் ஒன்று தேவை. அதுதான் கிளட்ச் பிளேட். இன்ஜினோடு சுழலும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே அது இருக்கிறது. பெடலை முழுதாக மிதித்திருக்கும்போது பிடி இல்லை. காலை மெல்ல மெல்ல எடுக்கும்போது ஸ்பிரிங்கின் அழுத்தம் ஏறுகிறது, உராய்வும் ஏறுகிறது. அந்த உராய்வு அழுத்தத்தைப் பொறுத்தது. இரண்டு தட்டுகளின் வேக வித்தியாசம் அதைப் பெரிதாக மாற்றுவதில்லை. ஆகவே பெடலின் பயணத்தில் ஓர் இடத்தில் கிளட்ச் கடத்தும் விசையும் புவியீர்ப்பின் இழுவையும் சரியாகச் சமன்பட்டே ஆக வேண்டும். ஓட்டுநர்கள் ஹாஃப் கிளட்ச் என்று சொல்வது இதைத்தான். அங்கே பிரேக்கை விட்டாலும் கார் இறங்காது.

அந்த இடத்தை வண்டியே காட்டிக்கொடுக்கும். இன்ஜின் சத்தம் சற்றுத் தாழ்ந்து கனக்கும். ஸ்டீயரிங்கிலும் சீட்டிலும் மெல்லிய அதிர்வு வரும். டேக்கோமீட்டர் முள் ஒரு நூல் இறங்கும். பெடலின் முழு நீளத்தில் இது நிகழ்வது சில சென்டிமீட்டருக்குள்தான். கேபிள் கிளட்ச் உள்ள கார்களில் பிளேட் தேயத் தேய இந்த இடம் மாறிக்கொண்டே வரும் என்பதால், பழகாத வண்டியில் அனுபவசாலிகளும் முதலில் தடுமாறுவார்கள்.

பெடல் மூன்று, கால் இரண்டு. மூன்றாவது காலாக ஹேண்ட் பிரேக் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அது பின்சக்கரங்களைப் பிடிக்கும். ஏற்றத்தில் வண்டியின் எடை பின்பக்கம் சாய்வதால் அங்கே பிடிமானமும் நன்றாக இருக்கும். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஃபர்ஸ்ட் கியர் போட்டு, 1,500 சுற்று வரை ரேஸ் கொடுத்து, சத்தம் கனக்கும்வரை கிளட்ச்சை எடுங்கள். அங்கே இடது காலை அசைக்காமல் ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். வண்டி நிற்கும், அல்லது மெல்ல முன்னேறும். அதன் பிறகு கிளட்ச்சைச் சிறிது சிறிதாக விட்டால் போதும். ஓரளவு கைவந்த பிறகு ஹேண்ட் பிரேக் இல்லாமலும் எடுக்கலாம். ஆனால் தொடக்கத்தில் ஹேண்ட் பிரேக்கைப் பயன்படுத்துவதைக் கற்றுக்குட்டித்தனம் என்று கேலி செய்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். சிக்னல் விழும்வரை சரிவில் ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியைத் தாங்கி நிற்பவர்கள் நிறையப் பேர். அது திறமை போலத் தெரியும். மேலே சொன்ன சரிவில், இன்ஜின் 1,500 சுற்றில் ஓடும்போது, கிளட்ச்சில் வெப்பமாக மாறுவது 3.8 கிலோவாட் அளவு. நான்கு இஸ்திரிப் பெட்டிகளை அந்தப் பிளேட் மீது வைத்தது போன்ற சூடு. இரண்டு நொடி என்றால் தாங்கும். இரண்டு நிமிடம் என்றால் கருகல் வாடை காருக்குள்ளேயே வரும். பிளேட்டின் ஆயுள் குறையும். நிற்க வேண்டுமென்றால் பிரேக்கில் நில்லுங்கள்.

இந்தத் தொல்லைக்கு இயந்திர வழியில் தீர்வு தேடியதும் பழைய கதை. 1936இல் அமெரிக்காவின் ஸ்டூடிபேக்கர் நிறுவனம் ‘பிரெசிடென்ட்’ காரில் ‘ஹில் ஹோல்டர்’ என்ற கருவியைத் தந்தது. கார் மேல்நோக்கிச் சாயும்போது அதனுள் இருக்கும் சிறு குண்டு உருண்டுபோய் பிரேக் திரவம் திரும்பும் வழியை அடைத்துவிடும். கிளட்ச் மிதிபட்டிருக்கும்வரை பிரேக் பிடித்தே இருக்கும், விட்டால் திறக்கும். மின்னணுக் கருவி எதுவும் இல்லாத அழகான ஏற்பாடு. இன்று குண்டின் வேலையைச் சாய்வை உணரும் சென்சார் செய்கிறது. ‘ஹில் ஹோல்ட்’ வசதியுள்ள கார்களில், காலை எடுத்த பிறகும் சுமார் இரண்டு நொடி பிரேக் விடாமல் இருக்கும். அதற்குள் ஹாஃப் கிளட்ச் வராவிட்டால் அந்த காரும் உருளத்தான் செய்யும்.

மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் வண்டியை எடுத்துக்காட்ட வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இல் ஓட்டுநர் தேர்வுக்கான 15ஆம் விதியிலேயே இருக்கிறது. ஆனாலும் சமதளத்தில் மட்டும், பயிற்றுநர் தன் பக்கத்துக் கிளட்ச்சை மிதித்துக்கொடுக்க, பழகி முடிப்பவர்கள் இருக்கிறார்கள். பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டும்முன் கேளுங்கள்: மேட்டில் எத்தனை வகுப்பு? அந்த வகுப்பில் பயிற்றுநரின் கால் கிளட்ச்சில் இருக்கக் கூடாது என்றும் சொல்லிவிடுங்கள்.