உங்களுக்குத் தெரியுமா? கர்ப்பகால முதுகுவலி

● கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு முதுகுவலி வருகிறது. வயிறு முன்தள்ள, உடலின் ஈர்ப்பு மையம் நகர்கிறது. ஹார்மோன்கள் இடுப்பு மூட்டுகளைத் தளர்த்துகின்றன.

● இந்தச் சுமையைத் தாங்கவே பெண்ணின் முதுகெலும்பு தனி வாகு பெற்றது. கீழ்முதுகின் வளைவு ஆண்களுக்கு 2 எலும்புகளிலும் பெண்களுக்கு 3 எலும்புகளிலும் பரவியிருப்பதாக 2007-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு சொல்கிறது.

● முதுகுவலிக்காகச் சிலர் நாடும், மூட்டுகளைக் கையால் அழுத்திச் சீராக்கும் கைரோபிராக்டிக் சிகிச்சையை 1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேனியல் டேவிட் பால்மர் தொடங்கினார். இச்சிகிச்சையில் கர்ப்பிணிகளுக்கென வயிறு அழுந்தாத மேசைகள் உண்டு. ஆனால், பலனுக்கான ஆய்வுச் சான்றுகள் குறைவு.

● எந்தச் சிகிச்சைக்கும் முன் மகப்பேறு மருத்துவரைக் கேளுங்கள். வலியோடு ரத்தக்கசிவு, காய்ச்சல், பனிக்குட நீர்க்கசிவு, கால் மரத்துப்போதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.