உலகைச் சுற்றி முடித்து இறங்கினால் தரை ஏன் ஆடுகிறது?

திருவண்ணாமலையில் கிரிவலம் போயிருக்கீங்களா? அப்படின்னா இதைக் கவனிச்சிருப்பீங்க. 14 கிலோமீட்டரும் மலை உங்கள் வலது கைப்பக்கமே இருக்கும். ராஜகோபுரத்தில் ஆரம்பித்தால் ராஜகோபுரத்துக்கே வந்து சேரணும். நடுவில் ஆட்டோ பிடித்தால் கணக்கில் வராது.

பாய்மரப் படகில் உலகைச் சுற்றுவதற்கும் கிட்டத்தட்ட இதே விதிகள்தான். கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்பணும். எல்லாத் தீர்க்கரேகைகளையும் கடக்கணும், பூமத்திய ரேகையைத் தாண்டிப் போய்த் திரும்பணும், மொத்த தூரம் 21,600 கடல் மைலுக்குக் குறையக் கூடாது. சூயஸ், பனாமா என்று கால்வாயில் குறுக்கு வழி பிடிக்கக் கூடாது. தெற்குக் கடல்களில் காற்று மேற்கிலிருந்து வெறித்தனமாக வீசும் என்பதால், பெரும்பாலான படகுகள் கிழக்கு நோக்கியே போகும். கிழக்கே பார்த்துப் போனால் அண்டார்டிகா எந்தப் பக்கம்? வலது பக்கம். ஒரு கண்டத்தையே வலம் வருகிறார்கள்!

இந்தியக் கடற்படையும் பொருத்தமாகத்தான் பெயர் வைத்தது: 'நாவிகா சாகர் பரிக்கிரமா'. பரிக்கிரமா என்றால் வலம் வருதல். இதன் இரண்டாவது பயணத்தில் ஐ.என்.எஸ்.வி. தாரிணி என்ற 56 அடிப் படகில் இருந்தது இரண்டே பேர். கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா, நம்ம புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. 2024 அக்டோபர் 2-ல் கோவாவில் கிளம்பியவர்கள், ஃப்ரீமேன்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப்டவுன் என நான்கே இடங்களில் நின்று, 2025 மே 29-ல் கோவாவுக்கே திரும்பினார்கள். 25,000 கடல் மைலுக்கும் மேல், முழுக்கக் காற்றை நம்பியே.

வழியில் ஜனவரி 30 அன்று 'பாயின்ட் நீமோ'வைக் கடந்தார்கள். எந்தப் பக்கம் போனாலும் நிலத்தைத் தொட சுமார் 2,688 கிலோமீட்டர் போகணும். அந்த இடத்தில் இருப்பவர்களுக்கு மிக அருகில் உள்ள மனிதர்கள், பல நேரங்களில் தலைக்கு மேலே விண்வெளி நிலையத்தில் பறப்பவர்கள்தான்!

இருவர் மட்டும் போகும் படகில் ஒருவர் தூங்கினால் இன்னொருவர் விழித்திருக்கணும். சில மணி நேரத்துக்கு ஒரு முறை முறை மாறும். கீழே படுத்திருப்பவர் கண்ணை மூடுவதே மேலே இருப்பவரை நம்பித்தான். இன்னைக்கு மூட் இல்லை, லீவு போட்டுக்கறேன் என்று சொல்ல வழியே இல்லை. சண்டை வந்தாலும் 56 அடிக்குள்தான்.

முடியும் நேரத்தில் சுலபமாகிவிடும் என்றுதானே நினைக்கிறீங்க? கிரிவலத்தில் குபேர லிங்கத்தைத் தாண்டியதும் என்ன ஆகும்? கால் கெஞ்சும், ஊர் வந்துவிடும், நெரிசல், வண்டிகள். கடலிலும் அப்படித்தான். நடுக்கடலில் மோத எதுவும் இல்லை. கரை நெருங்க நெருங்கத்தான் சரக்குக் கப்பல்கள், மீன்பிடி வலைகள், ஆழம் குறைந்த இடங்கள். தாரிணியின் கடைசிக் கட்டத்தில் பூமத்திய ரேகைப் பகுதியும் குறுக்கே வந்தது. காற்று அடங்கிப்போவதற்குப் பேர்போன இடம். போதாக்குறைக்கு, 2025-ல் தென்மேற்குப் பருவமழை மே 24-லேயே கேரளத்துக்கு வந்துவிட்டது. மழைக்காலத்துக்குள்தான் இவர்கள் கோவாவை எட்டினார்கள்.

சரி, இறங்கியாச்சு. இனிமேல்தான் தலைப்பில் கேட்ட கேள்வி. மாதக்கணக்கில் ஆடும் தளத்தில் நிற்கும்போது, அடுத்த ஆட்டம் எப்போது வரும் என்று மூளை முன்கூட்டியே கணக்குப் போட்டு உடம்பைச் சாய்க்கப் பழகிவிடும். தரைக்கு வந்த பிறகும் அந்தக் கணக்கை அது உடனே நிறுத்தாது. அதனால் ஆடாத தரை ஆடுகிற மாதிரி இருக்கும். குளிக்கும்போது கண்ணை மூடினால் சுவரைப் பிடிக்கத் தோன்றும். பலருக்கு ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அதற்கு 'மால் டி டிபார்க்மென்ட்' என்று பெயர். அப்போது காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பார்ப்பது நல்லது. இதில் ஒரு வேடிக்கை, காரில் போகும்போது ஆட்டம் குறையும், இறங்கி நின்றால் திரும்ப வரும். படுத்துக்கொண்டு போனை நோண்டுவதைவிட, தூரத்தில் அசையாத ஒன்றைப் பார்த்தபடி மெதுவாக நடப்பதே உதவும்.

கால்களும் பழையபடி இருக்காது. கைக்கும் முதுகுக்கும் ஓயாத வேலை, ஆனால் நடக்க இடம் 17 மீட்டர்தான். கரையேறிய வாரமே இவர்களைக் கிரிவலம் கூப்பிட்டால் பாவம், வருண லிங்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார்கள். கடலுக்கான சாமி என்பதால் மன்னித்துவிடுவார்!

காலண்டரும் குழம்பும். கிழக்கே போகப் போக, கடிகாரத்தை 15 பாகைக்கு ஒரு மணி நேரம் முன்னால் தள்ளணும். ஒவ்வொரு பகலிரவும் கொஞ்சம் சுருங்கும். முழுச் சுற்று முடியும்போது, கோவாவில் இருந்தவர்களைவிட இவர்கள் ஒரு சூரிய உதயம் அதிகமாகப் பார்த்திருப்பார்கள். 1522-ல் மெகல்லனின் மாலுமிகளில் மிஞ்சியவர்கள் எதிர்த் திசையில், மேற்கே போய்த் திரும்பும் வழியில் கேப் வெர்டே தீவுகளில் நின்றார்கள். அவர்கள் கணக்கில் அன்று புதன், கரையில் இருந்தவர்களுக்கு வியாழன்!

ஆசை வந்துடுச்சா? சென்னைத் துறைமுகத்தில் 1911 முதல் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பில் பாய்மரப் பயிற்சி கிடைக்கிறது. கடற்படை அதிகாரிகளுக்குத் தனி வாய்ப்பு உண்டு. முன் அனுபவமே இல்லாதவர்களையும் பயிற்சி கொடுத்துக் குழுவில் சேர்த்துக்கொள்ளும் கிளிப்பர் ரேஸ் என்ற போட்டி பிரிட்டனில் இருக்கிறது. ஆனால் ஒரு கட்டத்துக்கே லட்சங்களில் கட்டணம், நம்ம பட்ஜெட்டுக்குக் கஷ்டம்தான்.

அதைத் தொடங்கிய ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர். அவருடைய 'சுஹைலி' படகு மும்பையில் கட்டப்பட்டது. இங்கிலாந்தின் ஃபால்மவுத்தில் கிளம்பி 312 நாள் கழித்து, 1969 ஏப்ரல் 22-ல் அங்கேயே வந்து சேர்ந்தபோது, படகில் ஏறிய சுங்க அதிகாரி சம்பிரதாயப்படி எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். அவர் சொன்ன பதில், ஃபால்மவுத்.