காபிக்கும் ஒரு திரிகை வேண்டும்

கேழ்வரகு விளையும் மண்ணில் அரவையைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தர்மபுரி மாவட்டத்து மொரப்பூர், கம்பைநல்லூர், அரூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் உரலும் இருந்தது, திரிகையும் இருந்தது. இரண்டுக்கும் வேலை வேறு என்பது அந்த வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். உரலில் இடித்தால் தானியம் அடிபட்ட இடத்தில் நொறுங்கும். பாதி மாவாகும், பாதி குருணையாகக் கிடக்கும், சலித்துச் சலித்துத் திரும்ப இடிக்க வேண்டும். திரிகையில் ஒவ்வொரு மணியும் இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். இடைவெளி எவ்வளவோ அதுதான் மாவின் பதம். மாவு மில்லில் 'நைசா அரைச்சுக் குடுங்க' என்றால் மில்காரர் கல்லை இறுக்குவதும், 'கொஞ்சம் ரவையா இருக்கட்டும்' என்றால் தளர்த்துவதும் இதே கணக்குதான். வீட்டில் காபிக் கொட்டை அரைக்க எதை வாங்கலாம் என்ற கேள்விக்கும் இங்கிருந்தே பதில் தொடங்குகிறது. மிக்ஸி என்பது மின்சார உரல். பர் கிரைண்டர் என்று கடைகளில் விற்பது உருக்கிலோ பீங்கானிலோ செய்த சின்னத் திரிகை: பல் வெட்டிய இரண்டு துண்டுகள், ஒன்று அசையாமல் நிற்க மற்றது அதை ஒட்டிச் சுழலும். அந்தப் பல்லுக்குத்தான் பர் என்று பெயர். காபிக்கு வேண்டியது திரிகையே. அதிலும் பெரும்பாலான வீடுகளுக்குக் கையால் சுற்றுவதே போதும், அதுவே மேல் என்பது என் முடிவு.

கொட்டைக்கு இந்த வட்டாரம் தூரத்தில் இல்லை. தெற்கே தெரியும் சேர்வராயன் மலையில், 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் காலத்தில் காபி நடப்பட்டது. ஏற்காட்டுத் தோட்டங்களின் தொடக்கம் அதுதான். தர்மபுரியை அடுத்த வத்தல்மலையிலும் மலையாளிப் பழங்குடியினர் காபியும் மிளகும் பயிரிடுகிறார்கள். அப்படியிருந்தும் மொரப்பூரில் ஒரு வீட்டு அடுக்களையைத் திறந்தால் இருப்பது பெரும்பாலும் பொடிதான், கொட்டை அல்ல. வறுத்த கொட்டை அதன் மணத்தை உள்ளே பூட்டி வைத்திருக்கிறது. காற்றுப் புகாத டப்பாவில் மூன்று நான்கு வாரம் தாங்கும். அரைத்த நிமிடத்திலிருந்து பூட்டு உடைந்துவிடுகிறது. ஒரு கொட்டை நூற்றுக்கணக்கான துகளாகும்போது காற்றுபடும் பரப்பு பல மடங்கு பெருகுகிறது. வாயுவோடு மணமும் வெளியேறுகிறது, எண்ணெய் கெடத் தொடங்குகிறது. அரைக்கிற கடையைத் தாண்டும்போது தெருவெல்லாம் மணக்கிறதே, அந்த மணம் நம் டம்ளருக்கு வராமல் போன மணம். அரைத்துத் தரும் கடை இரண்டு தெரு தள்ளி இருந்து, வாரம் நூறு கிராம் வாங்கி அந்த வாரமே தீர்க்கிறவர்கள் கருவிக்காகச் செலவு செய்யத் தேவையில்லை. சேலத்துக்கோ தர்மபுரிக்கோ போகும்போது அரைக் கிலோ வாங்கி வந்து மாதம் முழுவதும் வைத்துப் புழங்குகிறவர்களுக்குத்தான் நான் சொல்வது.

மிக்ஸியிலேயே அரைத்துக்கொண்டால் என்ன என்பது நியாயமான கேள்வி. வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது, காசும் மிச்சம். நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம், இருபதாயிரம் சுற்றுச் சுற்றும் பிளேடு சூடேற்றிக் காபியைக் கெடுத்துவிடும் என்று ஒரு வாதம் உண்டு. அரை நிமிட ஓட்டத்தில் அந்தச் சூடு பெரிய விஷயமில்லை என்பதால் அதை நான் விட்டுவிடுகிறேன். உண்மையான குறை, பிளேடில் இடைவெளி என்று ஒன்றே கிடையாது என்பது. அடிபட்ட துண்டு மறுபடி மறுபடி அடிபட்டுத் தூசாகிறது, ஜாரின் ஓரத்தில் ஒதுங்கிய துண்டு முழுசாகவே நிற்கிறது. இதன் விளைவை நம் ஊர் பில்டர் மாதிரி வெளிப்படையாகக் காட்டும் சாதனம் வேறில்லை. அதில் காகிதம் இல்லை, அழுத்தமும் இல்லை. துளையிட்ட தட்டும், தண்ணீரின் சொந்த எடையும் மட்டுமே. தூசு அதிகமானால் துளை அடைத்துக்கொண்டு டிகாஷன் இறங்காது. டம்ளரால் தட்டிப் பார்ப்போம், மூடியைத் திறந்து ஊதிப் பார்ப்போம். துளைக்குள் நுழைந்த தூசு டபராவின் அடியில் மண்டியாகத் தங்கும். பெரிய துண்டு அதிகமானால் தண்ணீர் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். நிறம் வரும், திக்காக வராது. மிக்ஸிப் பொடியில் இரண்டும் ஒரே ஈட்டில் இருப்பதால் தூசிலிருந்து கசப்பும் துண்டிலிருந்து சப்பென்ற புளிப்பும் சேர்ந்தே வருகின்றன. சலித்து, மேலே நின்றதைத் திரும்ப அரைத்துச் சரிசெய்யலாம்தான். தினமும் காலை ஐந்தரை மணிக்கு அதைச் செய்ய யாருக்குப் பொறுமை இருக்கிறது?

பாலும் சர்க்கரையும் சிக்கரியும் சேர்ந்த பிறகு இந்த நுணுக்கமெல்லாம் நாக்குக்குத் தெரியுமா என்று கேட்பவர்கள் உண்டு. எதுவும் கலக்காமல் குடிப்பவருக்குத் தெரிகிற அளவு நமக்குத் தெரியாது, உண்மை. ஆனால் டிகாஷன் இறங்குகிறதா, திக்காக இறங்குகிறதா என்பது பால் ஊற்றுவதற்கு முந்தைய கேள்வி. தண்ணீராக இறங்கியதை எந்தப் பாலும் காப்பாற்றாது. ஒரு ஸ்பூன் பொடி கூடுதலாகப் போடத்தான் கை போகும். ஒரே பதத்தில் அரைந்த பொடி என்றால் அந்தக் கூடுதல் ஸ்பூன் தேவைப்படாது. கொட்டை விற்கிற விலையில் இதுவும் ஒரு கணக்கு.

இனி எதை வாங்குவது? மோட்டார் வைத்த பர் கிரைண்டரில் நாம் கொடுக்கும் பணத்தின் பெரும்பங்கு மோட்டாருக்கும் உடம்புக்கும் போகிறது. மலிவான மின்சார இயந்திரத்தில் பல்லுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அதே விலையில் கைக் கிரைண்டர் வாங்கினால் பணம் நேராகப் பல்லுக்கும் தண்டுக்கும் போகும். வெளிநாட்டில் பலர் பெரிய பல்லும் வலுவான மோட்டாரும் தேடுவதற்கு ஒரு காரணம் அவர்கள் விரும்பும் இளவறுவல். அந்தக் கொட்டை கல் மாதிரி இருக்கும். பில்டருக்கு நாம் வறுப்பது இன்னும் கருக்கலாக, எளிதில் நொறுங்கும். நாலு பேருக்குக் காலையில் முப்பது கிராம் என்றால், பால் காய்வதற்குள் சுற்றி முடித்துவிடலாம். கரன்ட் போனாலும் காபி நிற்காது. மணிக்கட்டு வலி உள்ளவர்களும் வயதானவர்களும் மட்டும் தனியே இருக்கும் வீடானால் மெதுவாகச் சுற்றும், கூம்பு வடிவப் பல் வைத்த மின்சார இயந்திரம் வாங்குவதே சரி. அங்கே கைக் கிரைண்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கைக் கிரைண்டரிலும் இரண்டு சாதி. மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலும் பீங்கான் பல். பீங்கான் துருப்பிடிக்காது, சீக்கிரம் தேயாது. ஆனால் அதன் முனை கொட்டையை வெட்டுவதை விட நசுக்குகிறது, கீழே விழுந்தால் விரியும். அதை விடப் பெரிய குறை, அந்த விலையில் நடுத்தண்டு ஆடும் என்பது. தண்டு ஆடினால் இடைவெளி ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும். முளை தேய்ந்த திரிகையில் ராகி ஒரு பக்கம் குருணையாக விழுவது போலத்தான். அப்புறம் அது பெயருக்குத்தான் பர் கிரைண்டர். ஆகவே 38 மில்லிமீட்டர் அளவிலான உருக்குப் பல், தண்டைத் தாங்க மேலும் கீழும் இரண்டு பேரிங், பதம் மாற்றும்போது 'டிக் டிக்' என்று நெருக்கமாக நிற்கும் படிகள், இந்த மூன்றும் இருப்பதை வாங்குங்கள். படி நெருக்கமாக இருப்பது நமக்கு முக்கியம்; பில்டர் பதம் தூள் உப்பை விடச் சற்று நைசு, ஒரு படி தவறினாலும் டிகாஷன் காட்டிக்கொடுத்துவிடும். தட்டைப் பல்லா கூம்புப் பல்லா என்ற விவாதத்தில் வீட்டுக்காரர்கள் நேரம் செலவழிக்க வேண்டாம். எஸ்பிரெஸோ இயந்திரம் வைத்திருப்பவர்கள் கவலைப்படட்டும்.

வாங்கிய பின் பதத்தைக் கண்டுபிடிக்கக் கடிகாரம் போதும். கொதித்த தண்ணீர் ஊற்றிய பிறகு டிகாஷன் பதினைந்து, இருபது நிமிடத்தில் இறங்கி முடிந்தால் அந்தப் படியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் இறங்கிவிட்டால் ஒரு படி இறுக்குங்கள். அரை மணி தாண்டியும் நின்றால் ஒரு படி தளர்த்துங்கள். வறுவலும் கொட்டையும் மாறும்போது படியும் மாறும். சிக்கரியை இதில் அரைக்கவே கூடாது. ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும், பல்லில் அப்பிக்கொண்டு போகாது. மிளகு, ஏலக்காய் பக்கமும் போக வேண்டாம். வாரம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், உருக்குப் பல்லில் தண்ணீர் படக்கூடாது. பழைய எண்ணெய் தங்கினால் காறல் வாடை வரும், புதுக் கொட்டையையும் அது கெடுக்கும்.

கடையில் வாங்கும்போது பெட்டியில் எழுதியிருப்பதைப் படிப்பதோடு நிற்காமல் கிரைண்டரைத் திறக்கச் சொல்லி, உள்பல்லை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆடினால் எந்த விலைக்கும் வேண்டாம். அடுத்த முறை காபிக் கடைக்குப் போகும்போது கால் கிலோவைக் கொட்டையாகவும் சிக்கரியைத் தனிப் பொட்டலமாகவும் கேளுங்கள்.