ஊசி ஓர் ஊரில், நோய் வேறூரில்

பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த செலியமேட்டிற்குக் கடலூர் மாவட்ட எல்லை தொலைவன்று. தலைப்பேற்றுக்குத் தாய்வீடு சென்ற பெண்ணொருத்தி, அங்கே தமிழ்நாட்டில் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு, மறுநாள் கணவர் ஊரான செலியமேடு திரும்புகிறாள் எனக் கொள்வோம். இரவில் குழந்தைக்கு வலிப்பு. புதுச்சேரி மருத்துவமனையில் சேர்க்கின்றனர். ஊசி போட்டது ஓர் அரசு, நோயைக் காண்பது மற்றோர் அரசு. மருந்தோ எங்கோ ஓர் ஆலையில் உருவாகி, ஒரே தொகுதி எண்ணுடன் பல மாநிலங்களுக்குச் சென்றது. இம்மூன்றையும் இணைத்துப் பார்ப்பார் இல்லையேல் உண்மை புலப்படாது.

இதற்கென நம் நாட்டில் ஓர் ஒழுங்கு உண்டு. ஊசிக்குப்பின் கடும் விளைவு நேரின் மாவட்டத் தடுப்பூசி அலுவலருக்கு உடனே அறிவிக்க வேண்டும். செய்தி மாநிலக் குழுவையும் தேசியக் குழுவையும் அடையும். 2012 முதல் புதுதில்லியில் தனிச் செயலகம் இயங்குகிறது. மருந்தின் இயல்பா, தயாரிப்புக் குறையா, போட்டவர் பிழையா, ஊசி குறித்த அச்சமா, அல்லது வேறொரு நோய் தற்செயலாய் அன்று வந்ததா என ஆராய்வர். ஊசிக்குப்பின் நேர்ந்தது எல்லாம் ஊசியால் நேர்ந்ததாகாது. எனினும், விசாரியாமலே ‘தற்செயல்’ என்பதும் நேர்மையன்று.

ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இது விளங்கும். இடையில் ஓர் அறிவிப்பாளர் விடுபட்டால் தொடர் அறுந்தது என்பர். இங்கோ, அறுந்த செய்தியை ஒதுக்கலாகாது. தேடி இணைக்க வேண்டும்.

ஒருங்கிணைப்பின் பயனுக்கு அமெரிக்காவில் ஒரு சான்றுண்டு. 1998 ஆகஸ்டில் அனுமதி பெற்ற ரோட்டாஷீல்டு என்னும் வயிற்றுப்போக்குத் தடுப்பு மருந்தால், ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு குழந்தைக்குக் குடல் செருகல் நேர்ந்தது. சிற்றூர் மருத்துவர் ஒருவர் தம் வாழ்நாளில் இத்தகைய ஒன்றைக்கூடக் காணாதிருக்கலாம். பல ஊர்களிலிருந்து வந்த பதினைந்து அறிக்கைகள் ஓரிடத்தில் சேர்ந்தபோதுதான் ஐயம் எழுந்தது. 1999 அக்டோபரில் அம்மருந்து திரும்பப் பெறப்பட்டது.

நம் பக்கத்து நிகழ்வு கசப்பானது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. உடனே தமிழக அரசு கிராமங்களுக்குச் சென்று ஊசி போடுவதை நிறுத்தி, ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் மட்டும் போட ஆணையிட்டது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 2005-06இல் ஏறத்தாழ 81 விழுக்காடாயிருந்த முழுத் தடுப்பூசி அளவு 2015-16இல் 70 ஆகத் தாழ்ந்தது. பின்னரே 89 ஆக உயர்ந்தது. இத்தாழ்வுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆயினும் அஞ்சிய தாய்மாரை நாம் பழிக்கமாட்டோம். ஊரிலிருந்து தில்லிக்குச் செய்தி போக வழி அமைத்தோர், முடிவு அதே ஊருக்குத் தாய்மொழியில் திரும்பும் வழியையும் அதே அக்கறையுடன் அமைத்தல் வேண்டும். 2017இல் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் தட்டம்மை-ருபெல்லா ஊசி போடப்பட்டபோது வாட்ஸ்அப் வதந்திகள் பரவியது, அவ்வழி திறவாதிருந்த இடைவெளியில்தான் என்பது நம் கணிப்பு.

செலியமேட்டுத் தாயின் கையிலுள்ள தடுப்பூசி அட்டைதான் அவ்விரு அரசுகளையும் இணைக்கும் முதல் கண்ணி. ஊசி போட்ட நாளும் இடமும் அதில் உண்டு. புதுச்சேரி மருத்துவரிடம் முதலில் அதனையே நீட்ட வேண்டும். மருந்துகளின் பக்கவிளைவைப் பொதுமக்களே தெரிவிக்க 1800-180-3024 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியும் உள்ளது.