மாடு மேய்ப்பவர்கள் கவி சொல்லும் ஊர்!

படிப்பு ஏறாத பையனைப் பார்த்து, "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு!" என்று திட்டுவது நம் வழக்கம்.

அமெரிக்காவில் ஓர் ஊர் இருக்கிறது. அங்கே மாடு மேய்க்கிறவர்கள் மேடை ஏறுகிறார்கள். தாங்களே கட்டிய பாட்டை எடுத்துச் சொல்லுகிறார்கள். பட்டணத்துக்காரர்களும் பேராசிரியர்களும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து, கீழே உட்கார்ந்து கேட்கிறார்கள்!

அந்த ஊரின் பெயர் எல்கோ.

நெவாடா மாகாணத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. 1860-களின் கடைசியில் ரயில் பாதை போட்டபோது முளைத்த ஊர். பெரிய நகரம் எதுவும் பக்கத்தில் கிடையாது. கிழக்கே போனாலும், மேற்கே போனாலும் 200 மைலுக்கு மேல் போகவேண்டும். ஜனத்தொகை சுமார் 20 ஆயிரம். நம் ஊர்க் கணக்கில் ஒரு பேரூராட்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊரைச் சுற்றி மலை, புதர்க்காடு, தங்கச் சுரங்கம், மாட்டுப் பண்ணை. ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் பல மைல் தூரம். ஜனவரி மாதத்தில் பனி கொட்டும். வாளியில் வைத்த தண்ணீர் கட்டியாகிவிடும்.

அந்தக் குளிரில்தான் திருவிழா! ஆண்டுதோறும் ஜனவரி கடைசியில் நடக்கிறது.

'கொஞ்சம் வெயில் வந்த பிறகு வைத்துக்கொண்டால் என்ன?' என்று தோன்றும். வைக்க முடியாது. வசந்தத்தில் கன்று போடும் காலம். பிறகு மாடுகளை மலைக்கு ஓட்டவேண்டும். கோடையில் வைக்கோல் அறுப்பு. இலையுதிர் காலத்தில் மாடுகளைத் திரட்டி இறக்கவேண்டும். கௌபாய்க்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைப்பது நடுக்குளிரில் மட்டுமே. விவசாயிக்குத் தோதான நாள் பார்த்துத்தானே நம் ஊரிலும் கொடை விழா வைக்கிறார்கள்?

இரவுக் காவல்

'கௌபாய்' என்றதும் நமக்குச் சினிமா நினைவு வரும். இடுப்பில் இரண்டு துப்பாக்கி. பேச்சுக்கு முன்னால் வெடி. உண்மையான கௌபாய் அப்படி இல்லை. அவன் கூலி வேலைக்காரன். வெள்ளைக்காரன் மட்டும் அல்ல, கறுப்பனும் மெக்சிகோக்காரனும் அந்தக் கூட்டத்தில் நிறைய இருந்தார்கள்.

1865-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தது. டெக்ஸாஸ் மாகாணத்தில் மாடு மலிவு. வடக்கே கிராக்கி. ரயிலோ கான்சாஸ் வரைதான் வந்திருந்தது. ஆகவே மாடுகளை நடத்தியே கொண்டுபோனார்கள். ஒரு மந்தையில் இரண்டாயிரம் மாடுகள்கூட இருக்கும். கூடப் போகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஒரு நாளைக்கு 10, 15 மைல். ஊர் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும்.

பகலைவிட இரவுதான் ஆபத்து. ஒரு மின்னல் போதும். ஒரு பாத்திரம் உருண்டாலும் போதும். மொத்த மந்தையும் மிரண்டு எழுந்து ஓடும். எதிரில் அகப்பட்டவன் கதி அவ்வளவுதான்.

அதனால் இரவில் இரண்டு பேர் குதிரைமேல் காவல் சுற்றுவார்கள். ஒருவர் இடமாக, இன்னொருவர் வலமாக. சுற்றும்போது மெல்லப் பாடிக்கொண்டே போவார்கள். தெரிந்த குரல் கேட்டால் மாடு மிரளாது. தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோனால்? சொந்தமாகக் கட்ட வேண்டியதுதான்! ஏற்றம் இறைத்த நம் விவசாயி, சால் எண்ணுவதற்காகப் பாட்டுக் கட்டினான் அல்லவா? இதுவும் அந்த ஜாதிப் பாட்டுத்தான். வேலையிலிருந்து பிறந்தது.

முள்கம்பி வேலி வந்தது. ரயில் எல்லா இடத்துக்கும் வந்தது. 1880-களின் முடிவில் அந்த நீண்ட மாட்டு நடை பெரும்பாலும் நின்றுவிட்டது. பாட்டு மட்டும் பண்ணை வேலைக்காரர்கள் படுக்கும் கொட்டகையில் தங்கிவிட்டது.

பெயர் போன பாட்டு

பெயர் போன பாட்டு என்றால் புகழ்பெற்ற பாட்டு என்று நினைக்கவேண்டாம். பெயரே போய்விட்ட பாட்டு!

ஜாக் தார்ப் என்று ஒரு கௌபாய் இருந்தார். 1898-ல் ஒரு பாட்டுக் கட்டினார். மந்தை மிரண்டு ஓடியபோது தன் குதிரைக்கு அடியில் நசுங்கி இறந்துபோன, வீட்டைவிட்டு ஓடிவந்த ஜோ என்ற சிறுவனைப் பற்றிய பாட்டு. கேட்டவர்கள் மனப்பாடம் செய்தார்கள். அவர்களிடம் கேட்டவர்கள் இன்னும் தூரம் கொண்டுபோனார்கள். 1908-ல் தார்ப் இப்படிப்பட்ட பாட்டுகளைத் திரட்டி ஒரு சின்னப் புத்தகம் அச்சிட்டார். இரண்டு ஆண்டு கழித்து, படித்தவர் ஒருவர் பெரிய தொகுப்பு வெளியிட்டார். அதில் ஜோவின் பாட்டும் இருந்தது. கட்டியவர் பெயர் இல்லை!

இதைவிட ருசியான கதை புரூஸ் கிஸ்காடனுடையது. 1878-ல் பிறந்தவர். இளமையெல்லாம் மாட்டுக்குப் பின்னால் போயிற்று. 1920-களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வந்தார். 'பென்ஹர்' என்ற ஊமைப் படத்தில் ரதம் ஓட்ட ஆள் எடுத்தார்கள். குதிரை தெரிந்தவர் ஆயிற்றே! ரதம் ஓட்டினார். பிறகு ஊர் திரும்பவில்லை. ஓர் ஓட்டலில் பெட்டி தூக்கும் வேலைக்குச் சேர்ந்தார். மணி அடித்தால் ஓடவேண்டும். மணி அடிக்காத நேரத்தில் ஒரு துண்டுப் பென்சிலை வைத்துக்கொண்டு பாட்டு எழுதினார்.

மாட்டுச் சந்தைக்காரர்கள் அந்தப் பாட்டுகளைக் காலண்டரில் போட்டார்கள். மாதம் ஒரு பாட்டு, ஒரு படம். மாதம் முடிந்தால் தாளைக் கிழித்து எறிவது உலக வழக்கம். பண்ணை வீடுகளில் கிழித்தார்கள். ஆனால் எறியவில்லை. மடித்துப் பெட்டியில் வைத்தார்கள்! 1950-ல் கிஸ்காடன் இறந்தார். அவர் பாட்டுகளை இன்றும் எல்கோ மேடையில் மனப்பாடமாகச் சொல்லுகிறார்கள். பெரிய இலக்கியப் பத்திரிகைகளில் வந்திருந்தால் இந்த ஆயுள் கிடைத்திருக்குமா என்பது சந்தேகந்தான்.

'யார் வரப்போகிறார்கள்?'

1980-களில் ஹால் கானன் என்பவரும் அவருடைய நண்பர்களும் நாட்டுப்புறக் கலை ஆராய்ச்சியாளர்களாக இருந்தார்கள். மேற்கு மாகாணங்களில் சுற்றும்போது ஒரு விஷயத்தைக் கண்டார்கள். ஒவ்வொரு பண்ணை வட்டாரத்திலும் ஒரு கவிஞன் இருக்கிறான். ஆனால் ஒருவனை ஒருவனுக்குத் தெரியாது. 'இந்தப் பைத்தியம் நமக்கு மட்டுந்தான்' என்று ஒவ்வொருவனும் நினைத்துக்கொண்டு, வெளியே சொல்லாமல் இருந்தான்!

எல்கோவை அடுத்த பண்ணைகளில் வளர்ந்த வாடி மிச்செல் அவர்களுடன் சேர்ந்துகொண்டார். இவர் 16 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். சிறு வயதில் வீட்டில் மின்சாரம் இல்லை. இரவு வந்தால் பெரியவர்கள் சொல்லும் கதையும் பாட்டுந்தான் பொழுதுபோக்கு.

1985 ஜனவரியில் எல்கோவில் கூட்டம் போட்டார்கள். நடுப்பனி. மூலையில் இருக்கிற ஊர். மாட்டுக்காரன் கவிதை. யார் வரப்போகிறார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. மண்டபம் நிரம்பியது! அடுத்த ஆண்டும் நடத்தினார்கள். பிறகு நிற்கவில்லை. 2000-ம் ஆண்டில் அமெரிக்க செனட் சபை இதைத் 'தேசிய' விழா என்று தீர்மானம் போட்டு அழைத்தது. கொரோனா காலத்தில் இரண்டு ஆண்டு நேரில் கூட முடியவில்லை. 2023-ல் மறுபடியும் கூடிவிட்டார்கள்.

மேடையில் பெரிய ஜோடனை கிடையாது. ஒரு மைக். ஓரத்தில் தண்ணீர். தொப்பி வைத்த ஓர் ஆள் வருவார். வெயிலில் கறுத்த முகம். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டில் விடுவார். கையில் பெரும்பாலும் தாள் இருக்காது. பாட்டைக் குதிரைமேல் போகும்போதே மனத்தில் கட்டியிருப்பார். அதனால் தாளத்துக்குக் குறைவே இல்லை. நம் பாட்டில் எதுகை, அடியின் தொடக்கத்தில் வரும். அவர்களுக்கு அடியின் கடைசியில் ஒலி ஒத்துவரவேண்டும்.

பேர் பெற்றவர்கள் மட்டுந்தான் பேசலாம் என்பது இல்லை. பெயர் கொடுத்தவர் எவரும் வந்து சொல்லலாம் என்று தனியாக ஒரு வேளை ஒதுக்கியிருக்கிறார்கள். வாழ்நாளில் மைக்கைத் தொடாதவர்கள் அங்கே வருகிறார்கள். நடுவில் அடி மறந்துபோகும். சபை சிரிக்காது. காத்திருக்கும். இரவு நிகழ்ச்சி முடிந்த பிறகும் ஓட்டல் கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்தால் பாட்டு மறுபடி தொடங்கிவிடும்.

குதிரை தின்ற நண்பன்!

இங்கே சொன்ன பாட்டுகளில் நாடு முழுவதும் பரவியது, 'மறுபிறவி' என்ற பாட்டு. கட்டியவர் வாலஸ் மக்ரே. மான்டானா மாகாணத்துப் பண்ணைக்காரர்.

மறுபிறவி என்றால் என்ன என்று ஒரு கௌபாய் கேட்கிறான். நண்பன் விளக்குகிறான். செத்தவனைக் குளிப்பாட்டிப் பெட்டியில் வைத்துப் புதைக்கிறார்கள். பெட்டி உளுத்துப்போகிறது. ஆள் மண்ணாகிறான். அந்த மண்ணில் புல் முளைத்துப் பூக்கிறது. ஒரு குதிரை வந்து அதை மேய்கிறது. மேய்ந்தது வயிற்றோடு நிற்குமா? லத்தியாகக் கீழே விழுகிறது. அந்த வழியாக வரும் நண்பன் அதை உற்றுப் பார்க்கிறான். ஆள் அப்படியொன்றும் மாறிவிடவில்லை என்று முடிவு செய்கிறான்!

இதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தவர்கள், அடுத்த பாட்டில் வாய் மூடினார்கள். மக்ரேயின் பண்ணைக்கு அருகில் கோல்ஸ்டிரிப் என்ற ஊர். பூமிக்கு அடியில் நிலக்கரி. 1970-களில் மேய்ச்சல் நிலத்தைத் தோண்டிக் கரி எடுத்து, அங்கேயே அனல் மின்சார நிலையங்கள் கட்டத் தொடங்கினார்கள். பண்ணைக்காரர்கள் சேர்ந்து எதிர்த்தார்கள். மக்ரே முன்னணியில் நின்றார். மின்சார நிலையங்கள் வந்தேவிட்டன. தெரிந்த ஊர் கண்ணெதிரே வேறு ஊராக மாறியதை அவர் பாட்டாகக் கட்டி, மேடையில் நின்று சொன்னார். 1990-ல் அமெரிக்க சர்க்கார் நாட்டுப்புறக் கலைஞர்களுக்குத் தரும் உயர்ந்த விருதை அவருக்கு அளித்தது. கௌபாய்க் கவிஞர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் தடவை.

பாக்ஸ்டர் பிளாக் என்பவர் மாட்டு டாக்டர். பசுவுக்கு ஊசி போடப் போய் உதை வாங்கிய கதைகளைப் பாட்டாக்கியே நாடு முழுவதும் பிரபலமானார். ரேடியோவில் பேசினார். 2022-ல் காலமானார்.

பெண்கள் இல்லையா? உண்டு. ஜார்ஜி சிக்கிங் 1921-ல் அரிசோனாவில் பிறந்தவர். குதிரை ஏறி, காட்டு மாட்டைக் கயிறு வீசிப் பிடித்தவர். இதெல்லாம் பெண்ணுக்கு ஆகாத வேலை என்று சொன்னவர்களுக்கு நடுவே, முதல்தரக் கௌபாய் ஆகவேண்டும் என்ற ஆசையையே பாட்டாகக் கட்டினார். தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்து, 2016-ல் மறைந்தார்.

சிரித்தவர்கள்

எல்லாப் பாட்டும் நல்ல பாட்டு என்று சொல்லிவிட முடியாது. சூரியன் மறையும். குதிரை சாகும். அம்மாவின் கடிதம் வரும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஆயிரம் பாட்டுக் கட்டியிருக்கிறார்கள். மாட்டையே தொடாமல், தொப்பி மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு மேடை ஏறுகிறவர்கள் உண்டு என்ற குறையும் இருக்கிறது. 'வேலை செய்கிறவன் பாட்டா, வேஷம் போடுகிறவன் பாட்டா?' என்ற சண்டை இன்னும் தீரவில்லை.

2011 மார்ச்சில் வெளியிலிருந்து ஓர் அடி விழுந்தது. கலைக்கும் கல்விக்கும் சர்க்கார் தரும் மானியத்தை வெட்டவேண்டும் என்ற பேச்சு வாஷிங்டனில் நடந்தது. நெவாடாவைச் சேர்ந்த செனட்டர் ஹாரி ரீட், வெட்டக்கூடாது என்பதற்கு எல்கோ விழாவை உதாரணம் காட்டினார். எதிர்த்தரப்பினர் கேலி செய்தார்கள். நாடு கடனில் இருக்கிறது, மாட்டுக்காரன் கவிதைக்குப் பணமா என்று கேட்டார்கள்.

பணத்தைப் பற்றிய கேள்வி நியாயமானது. யாரும் கேட்கலாம். ஆனால் நகரத்து இசை அரங்குக்கும் சர்க்கார் பணம் போகிறது. அதைச் சொல்லி இப்படி யாரும் சிரிக்கவில்லை. 'மாட்டுக்காரன்', 'கவிதை' என்ற இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதுதான் அவர்களுக்கு வேடிக்கையாகப் பட்டது.

பண்ணைக்காரர்கள் அதற்கு மேடையில் பதில் சொன்னார்களோ இல்லையோ, விழா நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியா, மங்கோலியா, ஹங்கேரி முதலிய நாடுகளிலிருந்து கால்நடை மேய்ப்பவர்களை வெவ்வேறு ஆண்டுகளில் அழைத்திருக்கிறார்கள். பாஷை புரியாது. கயிறு முறுக்குவதும், குதிரைக்குச் சேணம் கட்டுவதும் புரிந்தது.

கடைசி இரவு முடிந்ததும் தங்குவதற்கு நேரம் இல்லை. பனியில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு பண்ணைக்குப் போகிறார்கள். கன்று போடும் காலம் வந்துவிட்டது. தலைச்சன் பசுவாக இருந்தால் இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்து போய்ப் பார்க்கவேண்டும். பனியில் விறைத்துப்போன கன்று கிடந்தால் தோளில் போட்டு வீட்டுக்குத் தூக்கி வருவார்கள். குளியல் தொட்டியில் வெந்நீர் நிரப்பி, கன்றை அதில் இறக்கித் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அது காதை ஆட்டுகிற வரையில் எழுந்திருக்க மாட்டார்கள்.