கூடியிருந்து எழுதிய நிரல்

திறந்த நிரலின் கதை – 9

சென்ற வாரம் திறந்த மூல மென்பொருளின் உரிமங்களைப் பார்த்தோம். அந்த மென்பொருளை எழுதுகிறவர்களில் பலர் ஒருவரையொருவர் நேரில் கண்டதே இல்லை. பெர்லினில் ஒருவர் எழுதிய திருத்தத்தைப் பெங்களூரில் இருப்பவர் ஓய்வு கிடைக்கும்போது படித்து, குறை சொல்லித் திருப்பி அனுப்புவார். பத்து வரித் திருத்தம் வாரக்கணக்கில் கிடக்கும். அதனால்தான் இவர்கள் அவ்வப்போது ஓரிடத்தில் கூடி, வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் சில நாட்கள் நிரல் மட்டுமே எழுதுகிறார்கள். ஹேக்கத்தான், ஸ்பிரிண்ட் என்று இதற்குப் பெயர்கள்.

1999 ஜூனில் கனடாவின் கல்கரி நகரில் ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தைச் சேர்ந்த பத்துப் பேர் இப்படிக் கூடினார்கள். குறியாக்க நிரல்களை வெளிநாட்டுக்கு அனுப்ப அமெரிக்கச் சட்டம் அப்போது கட்டுப்பாடு போட்டிருந்ததால், எல்லைக்கு வெளியே உட்கார்ந்து எழுதினார்கள். அதே ஆண்டு மெல்பேர்னில் லினக்ஸ் நிரலாளர் ரஸ்டி ரசல் தன் சொந்தக் கடனட்டையை நம்பி ஒரு லினக்ஸ் மாநாட்டை நடத்தினார். அது பிறகு ஊர் ஊராகப் போய், 2007இல் நம் சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்துக்கும் வந்தது. பைதான் மொழிக்காரர்களின் பைகான் ஆஸ்திரேலியா 2010இல் முதன்முதலாகக் கூடியதும் சிட்னியில்தான்.

ஆனால் நம் வாசகர்கள் அறிய வேண்டிய கூடல் கொழும்பில் நடந்தது.

2004 டிசம்பர் 26, சுனாமி. இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் உறவுகள் இருந்த சிட்னியின் வென்ட்வேர்த்வில் வீடுகளில் அந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். யார் இருக்கிறார்கள், யார் இல்லை, இருப்பவர்கள் எந்த முகாமில்? உதவிகள் குவிந்தன, ஒரு முகாமுக்கு இரண்டு தரம் போன பொருள் இன்னொரு முகாமுக்குப் போகவே இல்லை. கணக்கு வைக்க ஒரு பொது ஏடு இல்லாததே காரணம்.

லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனைச் சுற்றியிருந்த பொறியாளர்கள் தங்கள் கம்பனி வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு வந்து சேர்ந்தார்கள். ஏறக்குறைய மூன்று வாரங்களில் சஹானா என்ற மென்பொருள் உருவானது. காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, எங்கே என்ன தேவை என்ற பட்டியல் எல்லாம் ஒரே அமைப்பில். காசு கொடுத்து வாங்க வேண்டியது எதுவும் அதில் இல்லை: பிஎச்பி, மைஎஸ்கியூஎல், அப்பாச்சி, எல்லாமே திறந்த மூலம். நிவாரணப் பணியில் இருப்பவர்களின் தேவை மணிக்கு மணி மாறும்போது, கேட்பவரும் எழுதுபவரும் அருகருகே இருந்தால்தான் வேலை ஓடும்.

அவசரத்தில் எழுதிய அந்த நிரலை அவர்கள் அப்படியே விட்டுவிடவில்லை. சுவீடன் அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான சீடாவின் நிதியுடன், எந்த நாட்டுக்கும் பொருந்தும்படி மறுபடி எழுதினார்கள். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்திலும் சஹானா பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதும் அதற்குத்தான். பரிசுத் தொகைக்காக 24 மணிநேரம் ஓடும் போட்டிகளுக்கும் இதே ஹேக்கத்தான் என்ற பெயர்தான். ஆனால் போட்டி முடிந்த பின் திங்கட்கிழமை அங்கே எழுதிய நிரலைத் திறந்து பார்க்க ஆளில்லையென்றால் அதை நான் கூடல் என்று சொல்லமாட்டேன்.

தமிழுக்கு இப்படிக் கூடிச் செய்ய என்ன இருக்கிறது? 'கொ' என்ற எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் அதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. செயலியை எழுதியவர் இரண்டையும் சமப்படுத்த மறந்திருந்தால், 'கொழும்பு' என்று தேடுகிறவருக்குத் திரையில் கண்முன்னே கிடக்கும் கொழும்பு அகப்படாது. தமிழ் தெரியாத நிரலாளருக்கு இந்தப் பிழையைக் கடிதத்தில் விளக்கப் பத்து நாள் போகும். பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, தேடிக் காட்டினால் அன்று மாலையே திருத்தம் போய்ச் சேரும்.

வென்ட்வேர்த்வில்லிலும் பெண்டில் ஹில்லிலும் டூங்காபியிலும் மென்பொருள் வேலை பார்க்கும் தமிழர் நிறையவே இருக்கிறார்கள். நல்ல தமிழ் தெரிந்த ஆசிரியர்களும் அதே தெருக்களில்தான் இருக்கிறார்கள். ஒரு மண்டபம், இணைய இணைப்பு, நீள வயர் உள்ள சில பவர் போர்டுகள், மத்தியானச் சாப்பாடு, இவ்வளவே தேவை. திருத்த வேண்டிய பிழைகளின் பட்டியலை முன்கூட்டியே எழுதிவைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காலைப்பொழுது மடிக்கணினிகளைத் தயார்படுத்துவதிலேயே போய்விடும். நிரல் தெரியாதவர்கள் பயர்பாக்ஸ், லிப்ரே ஆஃபிஸ் செயலிகளின் தமிழ்ச் சொற்களைச் சரிபார்க்கலாம். புதியவர் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் அனுபவசாலி ஒருவரை இருத்துங்கள். வருகிற பாடசாலை விடுமுறையில் ஒரு சனிக்கிழமையை இதற்கென்று ஒதுக்குங்கள்.

(தொடரும்)